பேய்களுக்குக் கஞ்சி போட்டோம்!

வாசலில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டி, "இந்தப் பக்கம் தலை காட்டாதே" என்று பேய்களுக்கு நோட்டீஸ் கொடுப்பது நம் ஊர் வழக்கம். ஆனால் வருஷத்தில் ஒரு நாள் விளக்கேற்றி வைத்து, ரொட்டி சுட்டு, ஆப்பிள் பழங்களைத் துடைத்துக் கூடையில் அடுக்கி, "வா, வா" என்று பேய்களுக்காகக் காத்திருக்கும் தேசம் ஒன்று உண்டு. அங்கே வருகிற பேய்களின் உயரம் சுமார் மூன்றரை அடி. பெரும்பாலான பேய்களுக்கு முன்பல் இரண்டு விழுந்திருக்கும். மூக்கும் ஒழுகிக்கொண்டிருக்கும்!

அந்தத் தேசம் அயர்லாந்து. அந்த நாள் அக்டோபர் 31. பண்டிகையின் பெயர் ஹாலோவீன்.

"அது அமெரிக்கப் பண்டிகை அல்லவா?" என்று கேட்கிறீர்களா? சினிமா பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். அமெரிக்கா அதற்குப் புகுந்த வீடு. பிறந்த வீடு அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும். புகுந்த வீட்டில் செல்வாக்கு அதிகம். நகை நட்டும் படாடோபமும் அதிகம். ஆனால் ஒரு பெண்ணின் குழந்தைப் பருவத்துக் கதைகளைக் கேட்க வேண்டுமென்றால் பிறந்த வீட்டுக்குத்தானே போக வேண்டும்? வாருங்கள், டப்ளின் நகரத்துக்குப் போவோம். அங்கே ஓர் அடுப்பங்கரையில் நாலு நாள் உட்கார்ந்து, மாவு பிசைந்து, காகிதம் வெட்டி, பேய் செய்த கதையைச் சொல்கிறேன். செய்முறையும் சேர்த்துத்தான்!

ஐந்து மணிக்கே இருட்டு

சில ஆண்டுகளுக்கு முன், இலைகள் உதிரும் பருவத்தில், டப்ளினில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். சிவப்புச் செங்கல் வீடுகள் ரயில் பெட்டிகளைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் தெரு அது. எல்லா வீடும் ஒரே அச்சு. கதவின் வர்ணம் மட்டும் வீட்டுக்கு வீடு வேறு. பச்சைக் கதவு, மஞ்சள் கதவு, கருநீலக் கதவு என்று அடையாளம் சொல்லித்தான் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். முதல் நாள் ஆறு மணி வரையில் இருந்த வெளிச்சம், மறுநாள் ஐந்து மணிக்கெல்லாம் விடை பெற்றுக்கொள்கிறது. அதே மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை அரசாங்க விடுமுறை. அந்த வாரம் முழுவதும் பள்ளிக்கூடங்களுக்கு லீவு. வெளியே குளிர், தூறல், இருட்டு. வீட்டுக்குள்ளே குழந்தைகள். தாய்மார்களே, நிலைமையை உங்களுக்கு நான் விவரித்துச் சொல்ல வேண்டுமா, என்ன?

இந்த இருட்டில்தான் பண்டிகையின் வேர் இருக்கிறது. பழைய ஐரிஷ் மக்களுக்குக் கோடை ஒரு பாதி வருஷம், குளிர்காலம் ஒரு பாதி வருஷம். அறுவடை முடிந்து, மாடுகளை மேய்ச்சல் மலையிலிருந்து வீட்டுக்கு ஓட்டி வந்து, குளிர்காலத்துக்குள் காலடி எடுத்து வைக்கும் இரவுதான் இது. அதற்கு ஐரிஷ் மொழியில் ஒரு பெயர் உண்டு. எழுத்தைப் பார்த்தால் ஒன்று, உச்சரிப்பைக் கேட்டால் வேறொன்று. நம் காதுக்கு அது ஏறக்குறைய 'சாவின்' என்று விழுகிறது! மொழிக்கு மொழி சம்பந்தமில்லை, தற்செயல்தான். ஆனால் பொருத்தத்தைப் பாருங்கள்: அந்த இரவில் இறந்தவர்கள் தங்கள் வீட்டைத் தேடி வருவார்கள் என்பதுதான் அவர்களுடைய பழைய நம்பிக்கை. கதவைத் தாழிடாமல் விட்டு, கணப்பு அடுப்பின் பக்கத்தில் ஒரு நாற்காலியும் கொஞ்சம் ஆகாரமும் வைத்துவிட்டுப் படுக்கப் போவார்களாம். மகாளய அமாவாசைக்கு இலை போடும் நமக்கு இது புரியாத விஷயமா?

பிற்பாடு கிறிஸ்தவம் வந்தது. நவம்பர் 1 சகல புனிதர்களின் திருநாள் ஆயிற்று. 2 இறந்துபோன ஆன்மாக்களின் நாள். புனிதர் திருநாளுக்கு முந்திய மாலை என்பதே 'ஹாலோவீன்' என்று மருவிற்று.

டப்ளின் பேய்களுக்கு இலக்கிய அந்தஸ்தும் உண்டு. 1897இல் 'டிராகுலா' நாவலை வெளியிட்டு உலகத்தையே நடுங்க வைத்த பிராம் ஸ்டோக்கர், டப்ளின் கடற்கரையோரத்துக் கிளான்டார்ஃப் பகுதியில் 1847இல் பிறந்தவர். ஏழு வயது வரையில் படுக்கையிலேயே கிடந்த நோயாளிப் பிள்ளை. அவருடைய தாயார் 1832இல் ஸ்லைகோ நகரைக் காலரா சூறையாடியதைக் கண்ணால் கண்டவர். அந்தக் கதைகளைப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சொல்லுவாராம். தாயார் சொல்லும் கதை எவ்வளவு தூரம் போகிறது, பார்த்தீர்களா!

சின்னவனுக்கு வந்த பயம்

உறவினர் வீட்டுக்கு அடுத்த மஞ்சள் கதவு வீட்டில் ஓர் ஐரிஷ் அம்மாள் இருந்தாள். பத்து வயதுப் பெண், எட்டு வயதுப் பிள்ளை, ஐந்து வயதுச் சின்னவன் என்று மூன்று குழந்தைகள். அயர்லாந்துக் குழந்தைகள் தாயாரை 'மேமி' என்று கூப்பிடுகிறார்கள். அவர்கள் இழுக்கிற இழுப்பில் அது 'மாமி' என்றே கேட்கும். முதல் நாள், என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நான் இரண்டு தடவை "என்னடா கண்ணே?" என்று திரும்பிப் பார்த்தேன்!

அந்த அம்மாள் ஒரு நாள் என்னையும் அழைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். ஹாலோவீன் சரக்கு மலையாகக் குவிந்திருந்தது. பிளாஸ்டிக் மண்டையோடு, ரப்பர் பாம்பு, நைலான் சிலந்தி வலை, பையில் அடைத்த சூனியக்காரி உடுப்பு. கடை வாசலில் ஆள் உயர எலும்புக்கூடு ஒன்று நின்றது. சின்னவன் அதைத் தாண்டினானோ இல்லையோ, அது கண்ணில் சிவப்பு விளக்கு எரிய, 'ஹா ஹா ஹா' என்று கையை ஆட்டிற்று. பையன் வீரிட்டான். தாயாரின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டவன் வீடு வருகிற வரையில் வெளியே எடுக்கவில்லை.

கடைப் பொம்மையைக் கண்டு குழந்தை பயப்படுவது உலகத்தில் இல்லாத விஷயமா? ஆனால் அன்று ராத்திரி அவன் தூங்கவில்லை. மறுநாள் காலையில் தாயார் விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. அவனுடைய தாத்தா அந்த வருஷம் வசந்த காலத்தில் காலமாகியிருந்தார். ஹாலோவீன் ராத்திரி இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். "தாத்தா அந்த மாதிரியா வருவார்?" என்று கேட்டதாம் குழந்தை.

இதை என்னிடம் சொல்லும்போது அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இறந்தவர் அவளைப் பெற்ற தகப்பனார் அல்லவா? பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இந்த வருஷம் கடையிலிருந்து ஒரு துரும்பு வாங்கப் போவதில்லை. என் அப்பா எங்களுக்குச் செய்து காட்டியதை என் குழந்தைகளோடு சேர்ந்து செய்யப் போகிறேன். நீங்களும் வருகிறீர்களா?"

இப்படி ஓர் அழைப்புக்கு மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

டர்னிப் விளக்கு

முதல் வேலை விளக்கு. படங்களில் நீங்கள் பார்ப்பது பரங்கிக்காயைக் குடைந்து முகம் வெட்டிய விளக்கு. அது அமெரிக்க நாகரிகம். பரங்கிக்காய் அமெரிக்கக் கண்டத்துக் காய். 'பரங்கி' என்று நாம் வைத்த பெயரே அது கப்பலேறி வந்த சமாசாரத்தைச் சொல்லவில்லையா? அயர்லாந்தின் பழைய விளக்கு டர்னிப் கிழங்கு. முட்டைக்கோசுக்கும் நூல்கோலுக்கும் சொந்தக்காரன். ஊதாத் தோல், மஞ்சள் சதை, சின்னக் குழந்தையின் தலை அளவு. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது லட்சக்கணக்கான ஐரிஷ் ஜனங்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். போன இடத்தில் டர்னிப்பைவிடப் பெரிதாக, மெத்தென்று பரங்கிக்காய் இருந்தது. விளக்கு இடம் மாறிவிட்டது.

இந்த விளக்குக்கு ஒரு கதை. ஜாக் என்று ஒரு கஞ்சன் இருந்தானாம். சாத்தானையே ஏமாற்றி ஆப்பிள் மரத்தில் ஏற்றிவிட்டு, அடிமரத்தில் சிலுவை கீறி, இறங்க முடியாமல் செய்துவிட்டான். "என் உயிரைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்" என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் இறக்கிவிட்டான். காலம் வந்து ஜாக் செத்தான். சொர்க்கத்தில் அவன் யோக்கியதை தெரியும்; கதவைச் சாத்திவிட்டார்கள். நரகத்துக்குப் போனான். "உன்னைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேனே!" என்று சாத்தான் கையை விரித்துவிட்டான். போகிற வழி இருட்டாயிற்றே என்று ஒரு தணலை மட்டும் விட்டெறிந்தானாம். ஜாக் தின்றுகொண்டிருந்த டர்னிப்பைக் குடைந்து அந்தத் தணலை உள்ளே வைத்துக்கொண்டான். இன்னும் அலைந்துகொண்டே இருக்கிறான். கதையை அம்மாள் சொல்லச் சொல்லச் சின்னவன் கேட்டான்: "அவனுக்கு வீடே இல்லையா? பாவம்!"

டர்னிப்பைக் குடைவது பரங்கிக்காயைப் போல லேசான காரியம் அல்ல. தேங்காய் மூடியைச் சுரண்டுவதுபோல உயிர் போகும். மேல் மூடியைப் பெரியவர்கள் கத்தியால் சீவிவிட வேண்டும். பிறகு உறுதியான கரண்டியைக் குழந்தைகள் கையில் கொடுத்துவிடலாம். சுவர் சுண்டு விரல் கனத்துக்கு வந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். கண்ணையும் வாயையும் பேனாவால் குழந்தை வரையட்டும்; வெட்டுவது பெரியவர்கள் வேலை. முன்னாளில் மெழுகுவத்தி வைத்தார்கள். உடுப்பில் தீப்பிடிக்கும் அபாயம் உண்டாகையால் இப்போது பாட்டரியில் எரியும் சின்ன விளக்கு வைக்கிறார்கள். சுரண்டிய சதையை எறியாதீர்கள், சூப்புக்கு ஆகும்.

ஒரு மணி நேரம் சுரண்டினான் சின்னவன். பல் இல்லாத பொக்கை வாயும், ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டு கண்களும் வரைந்தான். டர்னிப் இரண்டு நாளில் வாடிச் சுருங்கி, சாட்சாத் ஒரு கிழவனார் முகமாகவே ஆகிவிட்டது. மேயோ மாவட்டத்தில் காஸல்பார் நகரத்துக்குப் பக்கத்தில் அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகம் கிராம வாழ்க்கைக்கென்றே ஒரு மாளிகையை ஒதுக்கியிருக்கிறது. டானகால் மாவட்டத்து ஃபின்டவுன் கிராமத்துப் பள்ளி ஆசிரியை 1943இல் அனுப்பிய பழைய டர்னிப் முகம் ஒன்றின் பிளாஸ்டர் அச்சு அங்கே இருக்கிறது. பார்த்தால் அசல் பேயேதான். நம் சின்னவனுடைய டர்னிப் அதற்குப் பேரப் பிள்ளை என்று சொல்லலாம்!

கஞ்சி போட்ட பேய்கள்

அடுத்தது வீட்டு அலங்காரம். அம்மாள் பழைய மல் துணியைக் கிழித்து, பசை தடவிப் பேய் உருவம் செய்ய முயன்றுகொண்டிருந்தாள். பேய் நிற்கவில்லை, மயக்கம் போட்டு விழுந்துகொண்டே இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "துணி விறைப்பாக நிற்க வேண்டும், அவ்வளவுதானே? எங்கள் ஊரில் பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடுகிற கை இது!" என்று முன்வந்தேன்.

நீங்களும் செய்து பார்க்கலாம். மூன்று மேஜைக் கரண்டி சோளமாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கப் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதில் கரைத்த மாவை விட்டுக் கண்ணாடிபோல் ஆகும் வரையில் கிளறி இறக்குங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும். ஒரு காலிப் பாட்டிலின் மேல் சிறிய பலூனை ஊதி ஒட்டினால் தலை ஆயிற்று. கம்பி ஒன்றைக் குறுக்கே கட்டினால் கைகள் ஆயிற்று. ஒரு முழத்துக்கு ஒரு முழம் வெள்ளைத் துணியைக் கஞ்சியில் முக்கிப் பிழிந்து அதன்மேல் போர்த்தி, அடியில் மடிப்பு மடிப்பாகப் பரப்பிவிடுங்கள். காய்ந்ததும் பலூனைக் குத்திவிட்டுப் பாட்டிலையும் கம்பியையும் உருவிவிடலாம். உள்ளே ஒன்றுமே இல்லாமல் பேய் தானாக நிற்கும்! கறுப்புக் காகிதத்தில் இரண்டு கண் ஒட்ட வேண்டியது குழந்தையின் வேலை. நம் ஊர் வெயிலில் ஒரு மத்தியானம் போதும். டப்ளின் ஈரக் காற்றில் இரண்டு நாள் பிடித்தது.

சின்னவன் பேயைத் தூக்கித் தலைகீழாகப் பார்த்தான். "உள்ளே யாருமே இல்லை!" என்றான். அவன் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

மற்றவை இன்னும் சுலபம். ஜாம் தீர்ந்த கண்ணாடிப் புட்டியின் மேல் ஆரஞ்சு வர்ண மெல்லிய காகிதத்தை ஒட்டிக் கறுப்புக் காகிதத்தில் மூக்கும் வாயும் வெட்டி ஒட்டினால் விளக்கு. காகிதத் துடைப்பான் சுருள் தீர்ந்தபின் மிஞ்சும் அட்டைக் குழாயில் இரண்டு கண் வெட்டி, உள்ளே சின்ன விளக்கை வைத்துச் செடிக்குள் ஒளித்துவிட்டால், இருட்டில் யாரோ முறைத்துப் பார்ப்பதுபோல இருக்கும். முட்டை வைக்கும் அட்டைத் தட்டில் மூன்று குழிகளைச் சேர்த்து வெட்டி, நடுக் குழியை உடலாகவும் ஓரக் குழிகளை இறக்கையாகவும் வைத்துக் கறுப்பு வர்ணம் தீட்டினால் வௌவால். எட்டு வயதுப் பிள்ளை பதினேழு வௌவால்கள் செய்து மாடிப்படி முழுவதும் தொங்க விட்டுவிட்டான்!

மோதிரம் ஒளிந்த ரொட்டி

சரி, வயிற்றுக்கு?

ஹாலோவீனுக்கு அயர்லாந்தின் மூல பட்சணம் 'பார்ம்பிராக்' என்ற பழ ரொட்டி. புள்ளி போட்ட ரொட்டி என்று அர்த்தம். 350 கிராம் உலர்ந்த திராட்சை வகைகளை, பால் சேர்க்காத சூடான தேநீர் 300 மில்லியில் ராத்திரி முழுவதும் ஊற வைக்க வேண்டும். ஊறிப் பெருத்த பழத்தோடு மறுநாள் 225 கிராம் மைதா, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், 125 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒரு முட்டை, பட்டையும் ஜாதிக்காயும் பொடித்தது ஒரு டீஸ்பூன் சேர்த்து மரக்கரண்டியால் கலக்கினால் போதும். அடிப்பது, பொங்க வைப்பது ஒன்றும் கிடையாது. காகிதம் விரித்த ரொட்டித் தகரத்தில் விட்டு, 170 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம். குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். ஆறியபின் துண்டு போட்டு வெண்ணெய் தடவிச் சாப்பிடுகிறார்கள்.

வேடிக்கை இனிமேல்தான். ரொட்டிக்குள் சில சாமான்களை ஒளித்து வைப்பார்கள். மோதிரம் கிடைத்தவருக்கு வருஷத்துக்குள் கல்யாணம். காசு கிடைத்தவருக்குச் செல்வம். கந்தல் துணி கிடைத்தால் தரித்திரம். பட்டாணி கிடைத்தால் இந்த வருஷம் கல்யாணம் இல்லை. ரொட்டிக் கடைகளில் வாங்கும் பிராக்கிலும் இன்றுவரை ஒரு விளையாட்டு மோதிரம் இருக்கிறது. வீட்டில் செய்தால் சாமானைப் பெரிய காகிதமாகச் சுற்றி வையுங்கள். சாப்பிடுவதற்கு முன் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். சின்னக் குழந்தைகளின் துண்டைத் தாயாரே பிட்டுக் கொடுக்க வேண்டும்.

புனிதர் திருநாளுக்கு முந்திய நாள் மாமிசம் கூடாது என்று பழைய நாளில் கட்டுப்பாடு. ஆகையால் ஹாலோவீன் சாப்பாடு சைவம்! 'கால்கேனன்' என்று பெயர். உருளைக்கிழங்கை வேக வைத்து, சூடான பாலும் வெண்ணெயும் விட்டு மசித்து, வெந்த கோசையும் வெங்காயத் தாளையும் கலந்து, நடுவே குழி செய்து வெண்ணெயை உருக விடுவது. நம் குழந்தைகள் பருப்புச் சாதத்தில் நெய்க்குக் குழி செய்வார்களே, அதே மாதிரி!

கொறிக்க நிலக்கடலை. ஆமாம், தோலோடு வறுத்த நம் வேர்க்கடலையேதான். ஹாலோவீன் சமயத்தில் அங்கே கடைக்குக் கடை விற்கிறது. 'குரங்குக் கடலை' என்று அதற்குப் பெயர்!

பத்து வயதுப் பெண் தன் பங்குக்குச் 'சூனியக்காரி விரல்' செய்தாள். 50 கிராம் சர்க்கரை, 100 கிராம் வெண்ணெய், 150 கிராம் மைதா. ஒன்று, இரண்டு, மூன்று என்று கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிசைந்து, அரை மணி குளிர வைத்து, விரலைவிட மெல்லியதாக உருட்ட வேண்டும், வேகும்போது பருக்கும். கத்தி முனையால் கணுக் கோடுகள் கீறி, நுனியில் தோலுரித்த பாதாம் பருப்பை நகமாக அழுத்தி, 170 டிகிரியில் பதினைந்து இருபது நிமிஷம். நகத்துக்கு அடியில் துளி ஜாம் வைத்தால் ரத்தம்! பார்க்க அருவருப்பு, தின்ன அமிர்தம். அடுப்பே வேண்டாதவர்களுக்கு இன்னொன்று: கமலா ஆரஞ்சைத் தோலுரித்து உச்சியில் ஒரு பச்சைத் தண்டைச் செருகினால் குட்டிப் பரங்கிக்காய். வாழைப்பழத்தைப் பாதியாக நறுக்கி நிற்க வைத்து, இரண்டு சாக்லேட் பொட்டு வைத்தால் குட்டிப் பேய்.

பையில் புகுந்த சந்தேகம்

இவ்வளவும் செய்தோம். "வாசலுக்கு வரும் குழந்தைகளுக்கு இந்த விரல்களைக் கொடுக்கலாமே?" என்றேன். அம்மாள் தலையசைத்தாள். வருகிற குழந்தைகளுக்குக் கடையில் பொட்டலம் கட்டிய மிட்டாய்தான் கொடுக்க வேண்டுமாம். வீட்டில் செய்ததைக் கொடுத்தால், அறிமுகம் இல்லாத வீட்டுத் தாய்மார்கள் குப்பையில் போட்டுவிடுவார்களாம்.

இந்தச் சந்தேகம் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு. அங்கே டெக்ஸாஸ் மாகாணத்தில் 1974 ஹாலோவீன் இரவில் ஓர் எட்டு வயதுப் பையன் விஷம் கலந்த மிட்டாய்த்தூளைத் தின்று இறந்தான். கொடுத்தது முன்பின் தெரியாத யாரோ அல்ல. இன்ஷூரன்ஸ் பணத்துக்காகப் பெற்ற தகப்பனே செய்த பாதகம் அது. 1982இல் சிகாகோ வட்டாரத்தில் யாரோ ஒருவன் வலி மாத்திரைகளில் விஷம் கலந்ததால் ஏழு பேர் மாண்டார்கள். அதுவும் ஹாலோவீனுக்குச் சில வாரங்களுக்கு முன். போதாதா? அறியாதவர் கொடுப்பதில் எல்லாம் விஷம் இருக்கும் என்ற பீதி நாடு முழுவதும் பரவிவிட்டது. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் பேராசிரியர் 1958 முதற்கொண்டு வந்த பத்திரிகைச் செய்திகளைத் துருவித் துருவி ஆராய்ந்தார். முன்பின் தெரியாத அண்டை வீட்டார் கொடுத்த ஹாலோவீன் தின்பண்டத்தால் ஒரு குழந்தை உயிர் இழந்ததாக ருசுவான சம்பவம் ஒன்றுகூட அவருக்கு அகப்படவில்லை.

ஆனால் பயம் ருசுக் கேட்டா வருகிறது? ஒன்றிரண்டு பாதகர்கள் செய்த காரியத்துக்குத் தெருவில் உள்ள எல்லாப் பாட்டிமார்களின் ரொட்டியும் பழி சுமக்கிறது. நிலக்கடலையோ பாதாமோ ஒத்துக்கொள்ளாத குழந்தைகளும் இருப்பதால், அறியாத பிள்ளைக்குப் பொட்டலமே நல்லது என்பது நியாயம்தான். அதற்கு அம்மாள் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்திருந்தது. வாசலுக்கு வருபவர்களுக்குப் பொட்டலம். பெயர் சொல்லித் தெரிந்த குழந்தைகளைத் தாயாரோடு உள்ளே அழைத்து, மேஜையில் உட்கார வைத்து, என்னென்ன சேர்த்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வீட்டுப் பட்சணம். பையில் போடத்தான் பயமே ஒழிய, பக்கத்தில் உட்கார்ந்து தின்னப் பயம் இல்லை.

அந்த இரவு

31ஆம் தேதி. ஐந்து மணிக்கு இருட்டியது. எங்கேயோ தூரத்தில் பட்டாசுச் சத்தம். அனுமதி இல்லாமல் வெடிப்பது அங்கே குற்றம், ஆனாலும் கேட்டது. தெருவில் சின்னஞ்சிறு பூதங்களும் மந்திரவாதிகளும் கிளம்பிவிட்டார்கள். "ஹாலோவீன் விருந்துக்கு உதவி செய்யுங்கள்!" என்று கூவிக் கதவைத் தட்டுவது டப்ளின் குழந்தைகளின் பழைய வழக்கம். இப்போது பல குழந்தைகள் அமெரிக்கக் கூச்சலைப் போடுகின்றன.

மஞ்சள் கதவு வீட்டில் உத்தரத்திலிருந்து கயிற்றில் ஆப்பிள் தொங்கிற்று. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைக் கடிக்க வேண்டும். ஆப்பிள் நழுவும், மூக்கில் இடிக்கும், சுற்றி வந்து கன்னத்தில் அறையும்! டேனியல் மெக்லீஸ் என்ற ஓவியர் கார்க் மாவட்டத்துப் பிளார்னி ஊரில் 1832இல் பார்த்த இதே விளையாட்டை மறு வருஷம் பெரிய ஓவியமாகத் தீட்டியிருக்கிறார். வயதுப் பெண்கள் ஆப்பிள் தோலை அறுபடாமல் சீவித் தோளுக்குப் பின்னால் எறிந்து, அது விழுந்த வடிவத்தில் வருங்காலக் கணவனின் முதல் எழுத்தைத் தேடினார்கள். ரொட்டிக்குள் இருந்த மோதிரம் யாருக்குக் கிடைத்தது என்கிறீர்களா? எனக்கு! கூடியிருந்தவர்கள் கொட்டிய கையொலியில் நான் வெட்கப்பட வேண்டியதாயிற்று.

எல்லோரும் போனபிறகு, அம்மாள் கணப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டாள். அதன்மேல் ஒரு தட்டு கால்கேனன், ஒரு கரண்டி. சின்னவன் பார்த்துக்கொண்டே நின்றான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"தாத்தாவுக்கா?"

"ஆமாம். வந்தால் சாப்பிடட்டும்."

பையன் கொஞ்சம் யோசித்தான். ஜன்னலண்டை போய்த் தன் டர்னிப் கிழவனை இரு கைகளாலும் எடுத்து வந்து, தெருவைப் பார்க்க வாசற்படியில் வைத்தான்.

"ஜாக்குக்குத்தான் வீடு இல்லை. தாத்தாவுக்கு இருக்கிறதே. வழி தெரிய வேண்டாமா?" என்றான்.

அன்று ராத்திரி அவன் நன்றாகத் தூங்கினான் என்று மறுநாள் அம்மாள் சொன்னாள். கால்கேனன் தட்டைக் காலையில் காலி செய்ததும் அவன்தானாம்!

சகோதரிகளே, உங்களில் பலருடைய பெண்களும் பிள்ளைகளும் இன்று டப்ளினிலோ, லண்டனிலோ, நியூஜெர்ஸியிலோ குடும்பம் நடத்துகிறார்கள். அக்டோபர் பிறந்தால், "அம்மா, குழந்தைகள் ஹாலோவீன் என்று பிடுங்குகிறார்கள், என்ன வாங்குவது?" என்று டெலிபோனில் கேட்பார்கள். "ஒன்றும் வாங்காதே, கொஞ்சம் கஞ்சி காய்ச்சு" என்று சொல்லுங்கள். விலை கொடுத்து வாங்கிய பேய் குழந்தையைப் பயமுறுத்தும். தன் கையால் செய்த பேயைக் குழந்தை தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று தானே தெரிந்துகொண்டுவிடும். அதற்குச் செலவு மூன்று கரண்டி மாவு, ஒரு கிழிந்த துணி, பக்கத்தில் உட்கார ஒரு தாயார் அல்லது பாட்டி. அவ்வளவுதான்!